செயலிகள் வந்த பிறகும் கே பார்களுக்கு எதிர்காலம் உண்டா?

கே பார்களுக்கு, அதாவது தற்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களுக்கு, எதிர்காலம் உண்டு என்றே நம்புகிறேன். அந்த எதிர்காலம் துணை தேடும் கைப்பேசிச் செயலிகளைவிடக் கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது. தற்பாலீர்ப்பாளனாகவும், உணவகங்களின் வரவுசெலவைப் பார்த்துப் பிழைப்பவனாகவும் இதை எழுதுகிறேன்.

லண்டனில் 2006இல் 125ஆக இருந்த பால்புதுமையர் (தற்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர்) மதுக்கூடங்களும் கேளிக்கை விடுதிகளும் 2017இல் 53ஆகக் குறைந்துவிட்டன என்று யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தற்பாலீர்ப்பு ஆண்கள் துணை தேடும் கிரைண்டர் செயலி 2009இல் வந்ததால் பழி முழுவதும் அதன் தலையில் விழுந்தது. துணை தேடும் வேலையைச் செயலி எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதே ஆய்வு, மனை மேம்பாட்டுத் திட்டங்கள், வாடகை உயர்வு, குத்தகைப் பேச்சில் உரிமையாளருக்கு இருக்கும் மேலாதிக்கம் ஆகியவற்றையும் முக்கியக் காரணங்களாகக் காட்டியது.

மதுக்கூடம் ஏழு இரவுகளுக்கும் வாடகை கொடுக்கிறது; வருமானமோ பெரும்பாலும் வெள்ளியும் சனியும்தான். தன் ஈர்ப்பைப் பற்றி வீட்டில் இன்னும் வாய் திறக்காத ஒரு பையன், செவ்வாய்க்கிழமை மாலை ஓரத்து மேசையில் ஒரே ஒரு எலுமிச்சைச் சோடாவுடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். கல்லாவின் கணக்கில் அந்த நாற்காலி நட்டம். அவனுக்கோ அச்சமின்றிப் பேசக் கிடைத்த முதல் இடமாக அது இருக்கலாம். சமூகவெளி என்று நாம் பெருமையோடு சொல்வது இந்த நட்டத்தைத்தான். வாடகை மும்மடங்காகும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

கூரை நம்முடையதாக இல்லாத நிலை புதிதன்று. 1969 ஜூன் 28 அதிகாலை காவலர் சோதனையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த நியூயார்க்கின் ஸ்டோன்வால் இன் என்ற கே பார், மாஃபியா நடத்திய இடம்; அங்கே குவளைகளைக் கழுவக் குழாய்நீர்கூட இல்லை. வேறு போக்கிடம் இல்லாததால் மக்கள் அதைச் சகித்துக்கொண்டார்கள். இன்று போக்கிடங்கள் பல இருக்கின்றன. ஆகவே வருகிறவர்களை நல்ல உபசரிப்பால்தான் தக்கவைக்க முடியும்.

எனக்கு நம்பிக்கை தருவது சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டட். 1966இல் தொடங்கிய அந்த மதுக்கூடத்தின் வாடகை 2016இல் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியபோது, அங்கே ஆடியும் பாடியும் பழகியவர்கள் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்து அதை வாங்கினார்கள். பெருந்தொற்றால் 2020இல் இடத்தைக் காலி செய்ய நேர்ந்தும், 2024இல் வேறு தெருவில் மீண்டும் திறந்தார்கள். கடை போனாலும் அதை நடத்தும் அமைப்பு கலையாமல் நின்றதே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. லண்டனின் ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன் என்ற கே பாருக்கு 2015இல் மரபுக் கட்டடப் பாதுகாப்பு கிடைத்தது. அது நல்லதுதான், ஆனால் சுவரைக் காக்கும் சட்டம் மாத வாடகையைக் கட்டிவிடாது.

பெண் தற்பாலீர்ப்பாளர்களின் மதுக்கூடங்கள் இன்னும் கடுமையாக அடிபட்டன. அமெரிக்காவில் 1980களில் ஏறத்தாழ 200 இருந்தவை 2020இல் இருபதை ஒட்டிச் சுருங்கின. பெண்களின் கையில் முதலீடு குறைவு என்பதை இதில் மறக்கக் கூடாது. அதன்பின் புதியவை திறக்கப்பட்டு எண்ணிக்கை ஏறியிருக்கிறது. பகலில் காப்பி, மாலையில் வாசிப்புக் கூட்டம், மது அருந்தாதவருக்கும் மதிப்பான பானப் பட்டியல் என்று நாள் முழுதும் இடத்தைப் பயன்படுத்துவதே இத்தொழிலுக்கு ஏற்ற வழி என்று எனக்குப் படுகிறது. மதுவிலிருந்து மீள முயல்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் இடத்தைச் சமூகவெளி என்று என்னால் அழைக்க முடியாது.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் விளக்குகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் செலவிடும் முன் குத்தகைப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்: வாடகை எந்த விகிதத்தில் உயரும், கட்டடம் விற்கப்பட்டால் வாங்கும் முதல் உரிமை உங்களுக்கு உண்டா, இடிக்க முடிவெடுத்தால் எத்தனை மாத அவகாசம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.