ஜினியாவுக்கு எந்த இடம்?

கேள்வி: டில்லி மயூர் விஹாரில் தரைத்தள வீட்டில் வசிக்கிறோம். கோடைக்கு ஜினியா விதைக்க விரும்புகிறேன். பின்புறம் வேப்பமரத்தடியில் மார்ச் மாதமான இப்போது நல்ல வெயில் விழுகிறது. கிழக்கே துளசி மாடத்தருகே இடம் இருந்தாலும், தெற்கு வீட்டின் நிழல் காலையில் அங்கே படிகிறது. மேற்குச் சுவரோரமும் காலியாகத்தான் கிடக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, துளசி மாடத்தருகே விதையுங்கள். வேப்பமரத்தடியில் நீங்கள் காணும் வெயில், டில்லி வேம்புகள் இலையுதிர்க்கும் இந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. ஏப்ரலில் மரம் தழைத்துவிட்டால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும் ஜினியா, அங்கே பூக்காமல் நெடுநெடுவென வளர்ந்து சாயும். போதாததற்கு, ஊற்றும் தண்ணீரை வேம்பின் வேர்களும் பங்கு கேட்கும்.

தெற்கு வீட்டு நிழலைக் கண்டு தயங்க வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் நண்பகலில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும் டில்லிச் சூரியன், ஜூன் மூன்றாம் வாரத்தில் 85 பாகையை எட்டி ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும் என்பதோடு, அப்போது கிழக்கிலிருந்து வடக்கே விலகி உதிப்பதால், இன்று காலையில் படியும் அந்த நிழல் மே மாதத்தில் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும். பிற்பகலிலோ உங்கள் வீடே செடிகளுக்கு நிழல் தரும்.

மேற்குச் சுவரோரம் வெயிலுக்குக் குறைவில்லை; ஆனால் பிற்பகல் முழுவதும் காயும் சுவர் இரவிலும் அனலை வீசும், 'லூ' எனும் வட இந்தியக் கோடை அனற்காற்றும் அந்தத் திசையிலிருந்தே வரும். ஜினியா வெப்பம் தாங்கும் செடிதான் என்றாலும், இளங்கன்றுகளுக்கு அது கொடுமை.

விதைக்குமுன் ஓரடிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். இரண்டாவது முறை சில மணி நேரத்தில் வடியாவிட்டால் மணலும் மக்கிய எருவும் கலந்து பாத்தியை உயர்த்துங்கள். துளசி மாடத்தருகே உள்ள சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி இருந்தால், அதன் வெப்பக் காற்று வீசும் நேர்க்கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பிடுங்கி நடுவதை ஜினியா விரும்பாது என்பதால் நேரடியாகவே விதைத்து, செடிக்குச் செடி ஓரடி இருக்குமாறு கூடுதல் கன்றுகளை நீக்கிவிடுங்கள். நெருக்கமாக விட்டால், ஜூன் கடைசியில் பருவமழை தொடங்கியபின் இலைகளில் சாம்பல் நோய் படியும்.