ஒசிமாண்டியாஸின் உதடு

அன்புள்ள சார்,

எம்.ஏ. வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘ஒசிமாண்டியாஸ்’ கவிதையை நடத்தினார்கள். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் மன்னன் சிலை, பீடத்தில் அவனுடைய ஆணவப் பேச்சு, சுற்றிலும் வெறும் மணல். படித்ததும் இது நிலையாமைப் பாட்டுதானே என்று தோன்றியது. அரசனும் போவான், ஆண்டியும் போவான். இதை ஏன் அரசியல் கவிதை என்கிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

எல்லோரும் போகிறவர்கள்தான். ஆனால் அந்தக் கவிதையில் ஆண்டி எங்கே இருக்கிறான்? இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மன்னன் போய்விட்டான், அவன் கட்டியதெல்லாம் போய்விட்டது, சரி. ஆனால் மணலில் பாதி புதைந்த அந்த முகத்தில் நெரித்த புருவமும், சுருங்கிய உதடும், ஆணையிட்டே பழகியவனின் ஏளனமும் அப்படியே இருக்கின்றன. செதுக்கிய சிற்பி அவன் மனசை நன்றாகப் படித்தவன் என்கிறார் ஷெல்லி. சிற்பியின் கைக்கு அவர் போடும் வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள் உண்டு, அப்படியே போலச் செய்வது, கேலி செய்வது. ராஜாவுக்காக உளி பிடித்தவன் ராஜாவைப் பற்றிய சாட்சியத்தையும் கல்லிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பீடத்து வாசகம்கூட அப்புறம்தான்.

அது வெளிவந்த இடத்தையும் பாருங்கள். 1818 ஜனவரி 11, ‘எக்ஸாமினர்’ வார இதழ். அதன் ஆசிரியர் லீ ஹன்ட், அப்போது மன்னருக்குப் பதிலாக நாட்டை ஆண்ட இளவரசரைத் தாக்கி எழுதியதற்காக இரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு 1815இல் வெளியே வந்தவர். அதே வருடம்தான் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார், பிரான்ஸில் பழைய அரச குடும்பம் திரும்பவும் வந்து உட்கார்ந்தது. 1817இல் இங்கிலாந்து அரசு ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்தது, அதாவது விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கலாம். இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்டில் அந்த இதழைப் பிரித்தவருக்கு, ‘வல்லவர்களே, என் சாதனைகளைப் பார்த்து மனம் உடைந்துபோங்கள்’ என்ற வரி, மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்து மன்னன் ராம்சேஸின் (ஒசிமாண்டியாஸ் என்பது அவனுடைய கிரேக்கப் பெயர்) குரலாக மட்டுமா கேட்டிருக்கும்?

எகிப்து மணலை நடுவில் வைத்துச் சொன்னது உடனே அச்சேறியது. அடுத்த வருடம் ‘இங்கிலாந்து 1819’ என்ற கவிதையில் ஷெல்லி, கிழவர், பைத்தியம், குருடர் என்று தன் நாட்டு மன்னரையே எடுத்த எடுப்பில் சொன்னார். அது அச்சில் வந்தது 1839இல், அவர் இறந்து 17 வருடம் கழித்து. அதையும் தேடிப் படியுங்கள், 14 வரிதான். மன்னர், ராணுவம், சட்டம், மதம், பாராளுமன்றம் என்று வரிசையாக அடுக்கி, இவையெல்லாம் சமாதிகள், இவற்றிலிருந்து ஓர் ஒளியுருவம் வெடித்துக் கிளம்பக்கூடும் என்று முடிக்கிறார். கிளம்பும் என்று சொல்லவில்லை. அந்தக் ‘கூடும்’ மூலத்தில் 13வது வரியின் கடைசிச் சொல்லாக நிற்கிறது, அடுத்த வரிக்குப் போகும் முன் நாம் அங்கே ஒரு கணம் நின்றுதான் ஆகவேண்டும்.