அமெரிக்காவின் 250 ஆண்டுகளை ரோமின் எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுவது?

வயதை வைத்து எந்தக் கட்டத்தோடும் பொருத்த முடியாது. "அமெரிக்கா விடுதலையை அறிவித்த 1776இலிருந்து 250 வருடம் ஆகிவிட்டது, ரோமைப் போல இதுவும் முடிகிறதா" என்று கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள். ரோமை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும்.

குடியரசு தொடங்கியதாக மரபு சொல்லும் கி.மு. 509இலிருந்து எண்ணுங்கள். 250 வருடத்தில் கி.மு. 259 வரும். அப்போது ரோம் சிசிலித் தீவுக்காக வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. கடல் கடந்து ஒரு மாகாணம்கூட அதற்குக் கிடையாது. உச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சிக்கு வந்த கி.மு. 27இலிருந்து எண்ணினாலோ கி.பி. 224 வரும். 235இல் பெரும் நெருக்கடியே தொடங்கிவிட்டது.

நீங்கள் சிக்கியிருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்: ரோம் என்றாலே 476இல் பேரரசின் மேற்குப் பகுதி விழுந்தது மட்டும் கண்ணில் நிற்கிறது. கிழக்குப் பகுதி 1453 வரை இருந்தது, அதையும் கணக்கில் எடுங்கள்.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். "வீழ்ச்சி" என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரே ஓர் அமைப்பை மட்டும் ஒப்பிடுங்கள். குடியுரிமை நல்ல தேர்வு: 212இல் பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லாருக்கும் அதைக் கொடுத்தார். அமெரிக்காவில் அந்நாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தந்த 1868இன் 14ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை அதன் பக்கத்தில் வைக்கலாம்.

நாணயத்தில் மட்டும் கவனம். ரோமின் வெள்ளி நாணயம் 260களின் கடைசியில் ஐந்து சதவீத வெள்ளிக்கும் கீழே போனது உண்மை. ஆனால் 1971க்குப் பிறகு டாலருக்குப் பின்னால் தங்கமே இல்லை; குறைப்பதற்கு உலோகமே இல்லாததால் அந்த ஒப்பீடு நிற்காது.