ரிப்போர்ட்டில் ‘வி.யூ.எஸ்.’ என்று வந்தால்: கேள்வி பதில்

மரபணுப் பரிசோதனையில் வரும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. ஊர் மதுரை. டாக்டர் இல்லை, அதனால் மருந்து மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள். அரிய நோய்க்குக் காரணமான ஜீனைத் தேட மெஷின் லேர்னிங், அதாவது டேட்டாவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிற கம்ப்யூட்டர், எந்த அளவுக்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள்.

உசிலம்பட்டி: அக்கா, தங்கச்சி மகனுக்கு மூணு வயசாச்சு, கழுத்தே இன்னும் நிக்கலை. எக்ஸோம் டெஸ்ட்டுல ‘வி.யூ.எஸ்.’னு வந்திருக்கு. கம்ப்யூட்டர் ‘கெடுதல்’னு சொல்லுதாம், லேப் உறுதியாச் சொல்ல மாட்டேங்குது. யாரை நம்ப?

லேப்பை நம்புங்கள். எக்ஸோம் டெஸ்ட் என்பது ஜீன்களில் புரதம் செய்யச் சொல்கிற பகுதிகளைப் படிப்பது. அதில் வி.யூ.எஸ். என்றால், மாற்றம் இருக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணமா என்பது இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். பொது மாதிரியோடு ஒப்பிட்டால் உங்களுக்கும் எனக்கும் தலைக்கு 40, 50 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்கரைக் கூட்டத்தில் செயின் அறுத்தவனைத் தேடுவது போலத்தான். மெஷின், முழியைப் பார்த்துச் சந்தேகப்படுகிற ஏட்டு. ஆளைக் காட்டும், சாட்சி சொல்லாது.

கூகுள் டீப்மைண்ட் 2023-ல் வெளியிட்ட ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற ஏ.ஐ. கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதப் புரதங்களில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றக்கூடிய 7.1 கோடி எழுத்து மாற்றங்களுக்கு அது மதிப்பெண் போட்டது. 57 சதவீதம் பெரும்பாலும் தீங்கில்லாதவை, 32 சதவீதம் பெரும்பாலும் தீங்கானவை, மிச்சத்துக்கு அதுவே கைவிரித்துவிட்டது. அதுவரை மனிதர்கள் சோதித்து உறுதி செய்திருந்தது 0.1 சதவீதம்தான், ஆகவே இது பெரிய வேலைதான். ஆனால் அது சொல்வது ‘இந்தப் புரதம் கெட்டிருக்கலாம்’ என்பதை மட்டும். உங்கள் பிள்ளைக்குக் கழுத்து நிற்காததற்கு அந்தப் புரதம்தான் காரணமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் லேப்கள் பின்பற்றும் 2015-ஆம் ஆண்டு அமெரிக்க வழிமுறையில் கம்ப்யூட்டர் கணிப்புக்குத் துணைச் சான்று என்ற இடம்தான்.

அடுத்து, அம்மா அப்பா இருவருடைய ரத்த மாதிரியையும் கொடுத்து அதே மாற்றத்தைத் தேடச் சொல்லுங்கள். பல வி.யூ.எஸ்.களுக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

மேலூர்: தாய்மாமனைக் கட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு ஊரே பேசுது. உண்மையா மேடம்?

ஊர் பேசுவதில் பாதி உண்மை. தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே மாற்றம் கணவன், மனைவி இருவரிடமும் ஒளிந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்கு அந்த ஜீனின் அம்மா வழிப் பிரதி, அப்பா வழிப் பிரதி இரண்டுமே பழுதாக வர வாய்ப்புண்டு. இது யார் செய்த தப்பும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 28 சதவீதம் சொந்தத்தில் நடந்த திருமணங்கள். அத்தனை வீட்டிலுமா நோய்?

சொந்தம் இல்லாத அசலில் கட்டியவர்களும் முழுசாகத் தப்பிவிட முடியாது. தெற்காசியாவில் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில் 81 குழுக்கள், ஏதோ ஒரு காலத்தில் மிகச் சிலரிலிருந்து பெருகி வந்தவையாகத் தெரிந்தன. சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்தால், தூரத்து ஆள் என்று நினைப்பவரும் சொந்தம்தான்.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். வெட்கப்பட்டு ஃபாரத்தில் ‘அசல்’ என்று எழுதிவிடாதீர்கள். சொந்தம் என்று தெரிந்தால், இரண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்கிற நீளமான பகுதிகளை முதலில் பார்ப்போம். தேடல் அங்கேயே பாதி சுருங்கிவிடும்.

தெப்பக்குளம்: கண்ணைப் படம் எடுத்தே ஏ.ஐ. சர்க்கரை பாதிப்பைச் சொல்லுதே. அதே மாதிரிதானே இதுவும்?

இல்லை. 2016-ல் வந்த அந்த விழித்திரை ஆய்வில் மெஷினுக்குக் காட்டியது ஒரு லட்சத்துக்கும் மேலான படங்கள், நம் அரவிந்த் மருத்துவமனைப் படங்களும் அதில் உண்டு. அரிய நோய்களில் சிலவற்றுக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் நாற்பது ஐம்பது நோயாளிகள்தான் தேறுவார்கள். அதை வைத்து எதைக் கற்பிக்க? அதனால் ஆல்ஃபாமிஸ்சென்ஸ் தலைகீழாகக் கற்றது: மனிதர்களிலும் குரங்கினங்களிலும் எந்த மாற்றம் சகஜம், எது கண்ணிலேயே படவில்லை என்று.

திருமங்கலம்: அப்ப வெள்ளைக்காரங்க டேட்டாவுல கத்துக்கிட்டது நமக்குச் சரியா வருமா?

நல்ல கேள்வி. இதற்கு நம்ம ஊர்க் கதையே இருக்கிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. இதயத் தசைக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத் தசை நோயோடு சேர்ந்து வருகிறது என்றார்கள். தெற்காசியர்களில் 100-க்கு 4 பேரிடம் இது உண்டு. ஐரோப்பியர் டேட்டாவை மட்டும் பார்க்கிற மெஷினுக்கு அது அபூர்வமாகத் தெரியும், ‘அபூர்வம்’ என்றாலே அதற்குச் சந்தேகம்.

பிற்பாடு 2018-லும் 2020-லும் வந்த ஆய்வுகள் கதையைத் திருப்பின. அந்த விடுபடல் உள்ள எல்லோருக்கும் ஆபத்தில்லை. சிலருக்கு அதே ஜீனில் கூடவே ஒட்டி வருகிற வேறு மாற்றம்தான் வில்லங்கம். பக்கத்தில் நின்றவனைப் பிடித்த கதை. இது நமக்குப் புரிந்ததே நம் மக்களின் ரத்தத்தைப் பார்த்ததால்தான். ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் டேட்டா 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. போதாது, ஆனாலும் நல்ல தொடக்கம்.

சோழவந்தான்: அடுத்த குழந்தைக்கு வயித்துல இருக்கும்போதே பார்க்க முடியுமா?

காரணம் உறுதியாகியிருந்தால் முடியும்: 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவில், 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில். வி.யூ.எஸ். மட்டும் கையில் இருந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கர்ப்பமாவதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

விளாங்குடி: ரிப்போர்ட்டை அப்படியே போன்ல ஏ.ஐ.கிட்ட போட்டுக் கேட்கலாமா?

இங்கிலீஷ் புரியாத இடத்தைக் கேளுங்கள், பேரை அழித்துவிட்டு. அது உங்கள் ஒருவர் ரிப்போர்ட் இல்லை, அண்ணன் தம்பி எல்லோருடையதும்.

உசிலம்பட்டி: மறுபடி நான்தான்க்கா. பிள்ளையோட அப்பா துபாய்ல இருக்காரு. ரத்தத்துக்கு எங்க போக?

அந்த லேப் எச்சில் மாதிரி வாங்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அவர் ஊருக்கு வரும்போது கொடுக்கட்டும், இப்போதைக்குத் தங்கச்சி ரத்தம் போகட்டும். லேப்பிடம் பிள்ளையின் மூல டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதையே மறுபடி அலசிப் பார்க்கலாம், பிள்ளைக்கு இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டாம்.