மெதுவாகச் சறுக்குபவருக்கும் ஹெல்மெட் தேவையா?

கேள்வி: முதல்முறையாக ஸ்னோபோர்டு (இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துப் பனியில் சறுக்குவது) கற்றுக்கொள்ளப் போகிறேன். புதியவர்களுக்கான சரிவில் மெதுவாகத்தான் போவேன். கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் ஹெல்மெட் அணிந்திருந்தும் கடுமையான தலைக்காயத்திலிருந்து தப்பவில்லையே, எனக்கு அது அவசியமா?

அவசியம். மெதுவாகப் போவேன் என்கிறீர்களே, அதனாலேயே இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

நான் கற்கத் தொடங்கிய இரண்டாம் நாள். முகம் மலையைப் பார்க்க, முதுகு பள்ளத்தைப் பார்க்க, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தேன். நடப்பதைவிடச் சற்றுக் கூடுதலான வேகம், அவ்வளவுதான். பலகையின் கீழ்ப்பக்க ஓரம் இறுகிய பனியில் மாட்டிக்கொண்டது. பலகை நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. இரண்டு கால்களும் பலகையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ஒரு கால் பின்னால் வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. இடுப்பு விழுந்தது தெரிந்தது. அடுத்த கணம் பின்மண்டை தரையில் மோதியது. கையை ஊன்ற வேண்டும் என்று மனம் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று நாட்கள் தலைவலியும் குமட்டலும் இருந்தன. மூளை அதிர்ச்சி என்றார் மருத்துவர். எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. அறைக்குத் திரும்பி ஹெல்மெட்டின் உட்துணியைப் பிரித்துப் பார்த்தபோது, பின்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அந்த விரிசல் எங்கே விழுந்திருக்க வேண்டியது என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஹெல்மெட்டின் வேலையே அப்படி உடைவதுதான். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நாம் தெர்மாகோல் என்று சொல்லும் அதே பொருள். தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகள்தான் மண்டையோடு திடீரென்று நிற்காமல் கொஞ்சம் தாமதித்து நிற்க இடம் கொடுக்கின்றன.

ஐரோப்பியத் தரச்சோதனையில் ஹெல்மெட்டை ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தின் மேல் போடுகிறார்கள். அப்போது மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடாது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். நான் 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்குகிறேனே, 20க்குச் செய்த கவசம் எதற்கு என்கிறார்கள். பனியில் விழும்போது முன்னோக்கிய வேகத்தின் பெரும்பகுதி வழுக்கிக் கரைந்துவிடுகிறது. தலை தரையைத் தாக்கும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நம் உயரம். நின்ற நிலையிலிருந்து பின்னால் சாயும் தலை, அந்தச் சோதனையின் வேகத்துக்கு மிக அருகிலேயே தரையைத் தொடுகிறது. அதாவது, சாதாரண விழுகைக்காகவே அளவெடுத்துச் செய்த பொருள் அது. மரத்திலோ பாறையிலோ நேராக மோதினால் கணக்கு வேறு. முழு வேகமும் தலையில் இறங்கும். எந்த ஹெல்மெட்டும் அதை முழுவதும் தாங்காது.

ஷூமாக்கருக்கு நேர்ந்தது அந்த இரண்டாம் வகை. 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே சீர்செய்யப்படாத பகுதியில் அவர் தலை பாறையில் மோதியது. ஹெல்மெட் இல்லாதிருந்தால் மருத்துவமனை வரையில்கூட வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களே சொன்னார்கள்.

உங்கள் நிலைக்கு நெருக்கமானது நடிகை நடாஷா ரிச்சர்ட்சனின் மரணம். 2009 மார்ச்சில், கனடாவின் மோன் திரம்ப்லானில், புதியவர்களுக்கான சரிவில் பயிற்சியின்போது விழுந்தார். ஹெல்மெட் இல்லை. எழுந்து நன்றாகப் பேசினார், வந்த ஆம்புலன்ஸையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறிது நேரம் கழித்துத்தான் தலைவலி தொடங்கியது. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்களில் இறந்துபோனார். வயது 45. மெதுவாகத்தானே போகிறேன் என்று யாராவது சொன்னால் என் மனம் அந்தச் சரிவுக்குத்தான் போகிறது.

ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 2002ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் 8 சறுக்குத் தளங்களில், காயமடைந்த 3,000க்கும் மேற்பட்டோரைக் காயமடையாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஹெல்மெட் அணிந்தவர்களுக்குத் தலைக்காய ஆபத்து 60 சதவீதம் குறைவாக இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் கனடாவில் வெளியான தொகுப்பு 35 சதவீதம் என்றது. நான் இந்த இரண்டாவது எண்ணையே நம்பிக்கொள்கிறேன், அதுவே எனக்குப் போதும். கவசத்தின் எடையால் கழுத்து முறியும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது; குழந்தைகளுக்கும் இது பொருந்தும். மூளை அதிர்ச்சியை மட்டும் ஹெல்மெட் முழுவதும் தடுப்பதில்லை. மண்டையோடு உடையாமல் இருந்தாலும் உள்ளே மூளை குலுங்கும், சுழலும். என் மூன்று நாட்கள் அப்படி வந்தவைதான்.

இத்தாலி 2005இல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கும், 2022இல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும், 2025 பனிக்காலத்திலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நீங்கள் போகும் இடத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் வாடகைக்குக் கிடைக்கும்.

வாங்கும்போது தலையில் வைத்து, வாரைப் பூட்டாமலேயே தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக அசைந்தால் அது பெரிது. முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நெற்றியைத் திறந்துவிட்டுப் பின்னால் சரிந்திருக்கக் கூடாது. உள்ளே கம்பளித் தொப்பி வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட் வீட்டிலேயே இருக்கட்டும், அது இந்தக் குளிருக்கும் பின்மண்டை அடிக்கும் ஏற்றதல்ல. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியாதீர்கள். நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. வாடகை ஹெல்மெட்டாக இருந்தால் அடிபட்டதைக் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அடுத்த நாள் அது வேறொருவர் தலைக்குப் போகும்.

தலையில் அடிபட்டால் அன்றைய சறுக்கலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்றிரவு உங்களோடு ஒருவர் இருக்கட்டும். தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ அவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.