இரண்டு கார்டு, யார் பணம்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்டுகளைப் பற்றியவை. டெபிட் கார்டில் செலவாவது உங்கள் கணக்கில் இருக்கும் பணம், கிரெடிட் கார்டில் செலவாவது வங்கி தரும் கடன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். வங்கியைத் திட்டிய பத்திகளை மட்டும் மனமில்லாமல்தான் வெட்டினேன்.

கேள்வி: அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தவறான பதிலாகிவிடும். கடந்த ஆறு மாத பில்களையும் கெடுவுக்குள் முழுதாகக் கட்டியவர் என்றால் கிரெடிட். ஒரு மாதமாவது பாக்கி வைத்தவர் என்றால் டெபிட்.

கேள்வி: விடுதியில் அறை எடுத்தபோது என் டெபிட் கார்டைத் தேய்த்து முன்பணம் பிடித்தார்கள். வாடகையைத் தனியாகக் கட்டிவிட்டுக் கிளம்பி ஐந்து நாளாகிறது. முன்பணம் திரும்பவில்லை. மோசடியா?

மோசடியாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள் பணத்தை எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் தொட முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். விடுதி விடுவித்தாலும் வங்கிக் கணக்கில் அது தெரியச் சில நாட்கள் பிடிக்கும். விடுதியிடம் விடுவித்ததற்கு ஆதாரம் கேட்டு வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். வாடகைக் கார் எடுக்கும்போதும் இதே கதைதான். கிரெடிட் கார்டைக் கொடுத்திருந்தால் கடன் வரம்பில் ஒரு பகுதி முடங்கியிருக்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் மாதச் செலவுப் பணம்.

கேள்வி: ரகசிய எண் மறந்துவிடுவதால் கார்டின் பின்புறமே எழுதி வைத்திருக்கிறேன். தொலைந்துபோனால் வங்கி பொறுப்பேற்குமா?

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவீர்களா? எண்ணை இன்றே மாற்றுங்கள். புதிய எண்ணையும் எழுதிவைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டேன். டெபிட் கார்டு வழியாகச் சேமிப்பு முழுவதும் போய்விட்டது. "படித்தவள்தானே நீ" என்கிறார்கள் வீட்டில்.

வீட்டில் இருப்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள் அம்மா. பதற வைத்துப் பறிப்பது மோசடிக்காரர்கள் அன்றாடம் செய்யும் தொழில். உங்களுக்கு அது முதல் அழைப்பு. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் செய்யவில்லை என்றால், இதைப் படித்து முடிக்கும் முன்பே கார்டை முடக்குங்கள். வங்கியில் புகார் கொடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் துறையிலும் எழுத்து மூலம் புகார் தாருங்கள். "நீங்கள்தானே எண்ணைச் சொன்னீர்கள்" என்று வங்கி கைவிரிக்கக்கூடும். முதல் மறுப்போடு திரும்பிவிடாமல் மேல்முறையீடு செய்யுங்கள். பணம் முழுவதும் திரும்பும் என்று பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாள் தாமதமும் உங்களுக்கு எதிராகத்தான் எண்ணப்படும். அமெரிக்கச் சட்டத்தையே பாருங்கள்: டெபிட் கார்டு திருடுபோனது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு 50 டாலர், தாமதித்தால் 500 வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாள் கழிந்தும் சொல்லாவிட்டால் அதற்கும் மேல். கிரெடிட் கார்டுக்கு உச்சவரம்பே 50தான்.

சட்டம் எப்படியிருந்தாலும் ஒரு வித்தியாசம் எங்கும் உண்டு. கிரெடிட் கார்டில் தகராறு என்றால் நீங்கள் இன்னும் பணம் கட்டாதவர். வங்கி உங்களைத் துரத்த வேண்டும். டெபிட் கார்டில் நீங்கள் பணத்தை இழந்தவர். நீங்கள் வங்கியைத் துரத்த வேண்டும். இணையத்தில் ஒரு நாற்காலிக்கு டெபிட் கார்டில் பணம் கட்டி, கடையே காணாமல்போன பிறகு எனக்கு இது புரிந்தது. நாற்காலியும் வரவில்லை, பணமும் வரவில்லை. அன்றிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு நான் கார்டே வாங்குவதில்லை. டெபிட் கார்டு ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. வாரச் செலவுக்கு மேல் அதில் பணம் வைப்பதில்லை.

கேள்வி: அவசரத்துக்குக் கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்கலாமா?

கட்டணம் தனி, எடுத்த நாளிலிருந்தே வட்டி தனி. கடன் தர நண்பரே இல்லை என்றால் எடுங்கள்.

கேள்வி: மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இருந்தும் பாக்கி குறையவே இல்லை. அது போகட்டும், இதைவிட அதிகப் பரிசுப் புள்ளிகள் தரும் கார்டு எது?

போகட்டுமா? ஓட்டைப் பானைக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று கேட்கிறீர்கள்.

10,000 பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்வது பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் நீங்கள் கட்டும் 500இல் 300 வட்டிக்குப் போகிறது, 200 மட்டுமே கடனில் கழிகிறது. புதிதாக எதுவுமே வாங்காமல் ஓராண்டு இப்படிக் கட்டினால் ஏறக்குறைய 5,380 கொடுத்திருப்பீர்கள். பாக்கி அப்போதும் 7,850க்கு அருகில் நிற்கும். நீங்களோ வாங்கிக்கொண்டும் இருக்கிறீர்கள். பாக்கி இருக்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று வாங்கும் சோப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

இது தற்செயல் அல்ல. 1950இல் வந்த டைனர்ஸ் கிளப் கார்டில் மாத பில்லை முழுதாகக் கட்டியாக வேண்டும். 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தாருக்கு அவர்கள் கேட்காமலேயே சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. அதில் பாக்கியை வட்டியோடு தள்ளிப்போடலாம். 1976இல் விசா என்று பெயர் மாறியது அந்தக் கார்டுதான். தவணை தவறாமல், முழுதாகவும் கட்டாமல் இருக்கும் உங்களைப் போன்றவரே வங்கிக்கு ஆகச்சிறந்த வாடிக்கையாளர்.

எனக்குக் கோபம் வர சொந்தக் காரணமும் உண்டு. பில் தொகையைக் கணக்கிலிருந்து தானாகவே கழித்துக்கொள்ள நான் கையெழுத்திட்ட படிவத்தில், "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் முன்பே டிக் போட்டிருந்தார்கள். நான் படிக்கவில்லை. முழுதாகக் கட்டுவதாக நினைத்து நான்கு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பாக்கியைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தருமாறு வங்கியைக் கேளுங்கள். அதுவரை டெபிட் கார்டு. புள்ளிகளைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டு இருந்தால் என் கை நிற்காது என்கிறார் கணவர். உண்மையா?

அவருடைய கையும் நிற்காது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள்.

நானும் அந்த மாணவர்களின் கட்சிதான். புள்ளிகளுக்குப் பரிசாகத் தரும் பயணப் பெட்டி ஒன்றுக்குக் கொஞ்சம் புள்ளிகள் குறைந்தன என்பதற்காகத் தேவையே இல்லாத ஒரு கேமராவை வாங்கினேன். கேமரா இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் ஜிப் முதல் வாரமே போய்விட்டது.