தக்காளிச் சிவப்பும் மாத்திரைச் சிவப்பும்

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். மருந்துக்கடையில் சொன்னார்களாம், 'லைக்கோபீன்' கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிடுகிறார். புரோஸ்டேட் புற்றுநோயே வராது என்கிறார். டாக்டரிடம் வரமாட்டேன் என்று பிடிவாதம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அம்மா, இந்த வாரமே அவரை யூராலஜி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கமாக இருக்கலாம், சர்க்கரை ஏறியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். எதுவென்று பரிசோதனை செய்தால்தான் தெரியும். கேப்ஸ்யூல் சாப்பிடுகிறோமே என்ற நம்பிக்கையில் நாள் கடத்துகிறாரே, அதுதான் எனக்குக் கவலை.

லைக்கோபீன் என்பது தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு உறவுக்காரர்தான், ஆனால் இதிலிருந்து உடம்பு வைட்டமின் ஏ தயாரிக்காது. செல்களைச் சிதைக்கும் ஒருவகை ஆக்சிஜனை அடக்குவதில் கரோட்டினாய்டுகள் என்ற இந்த நிறமிக் குடும்பத்திலேயே இதுதான் முன்னணி என்று சோதனைக்கூடத்தில் கண்டார்கள். 1995-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, தக்காளி சாஸ் அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்ததாக எழுதினார்கள். கேப்ஸ்யூல் வியாபாரம் பிடித்துக்கொண்டது இதைத்தான். அந்த ஆண்கள் சாப்பிட்டதோ உணவு! அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு 2007-இல் வெளியிட்ட முடிவு இது: தக்காளி உண்பதற்கும் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவதற்கும் மிகக் குறைவான ஆதாரமே உண்டு, லைக்கோபீனைத் தனியாக எடுத்துக்கொண்டால் புற்றுநோய் குறையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

உங்கள் கணவர் பீடி, சிகரெட் பிடிப்பவரா? அப்படியானால் அந்த அட்டையைத் திருப்பிப் படியுங்கள். லைக்கோபீன் என்று விற்பவற்றில் சிலவற்றில் பீட்டா கரோட்டினும் கலந்திருக்கும். புகைபிடிப்பவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. 1994-இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தையே உலுக்கியது. டாக்டரிடம் போகும்போது அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி: தக்காளியைப் பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்கிறாள் மருமகள். நான் வதக்கித்தான் பழக்கம். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

லைக்கோபீனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. சமைக்காத தக்காளிப் பழத்தில் இந்த நிறமி செல்லுக்குள்ளேயே இறுகிக் கிடக்கும். வேகும்போது செல்சுவர் உடைந்து வெளியே வரும். இது கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. அடுத்த முறை தொக்கு கிளறும்போது கவனியுங்கள்: மிளகாய்த்தூள் போடும் முன்பே, சுருண்டு வரும் தக்காளியின் ஓரத்தில் பிரியும் நல்லெண்ணெய் ஆரஞ்சு நிறமாகியிருக்கும். அப்படி எண்ணெயோடு சேர்ந்து போவதைத்தான் குடல் நன்றாக உறிஞ்சுகிறது. அதற்காக எண்ணெயை மிதக்கவிட வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும். பிரஷர் இருந்தால் தொக்கில் உப்பையும் குறையுங்கள்.

தோலில்தான் லைக்கோபீன் செறிவு அதிகம். ரசத்துக்குக் கரைத்துவிட்டுத் தோலை எறிகிறோமே, அதை அரைத்துச் சேர்த்துவிடலாம். வைட்டமின் சி மட்டும் சூட்டில் குறையும். அதற்கு மருமகள் வெங்காயத்தோடு தக்காளியைச் சமைக்காமல் நறுக்கிப் போட்டுப் பச்சடி செய்யட்டும். இருவரும் சண்டை போட வேண்டியதில்லை.

இன்னொன்று. சித்திரை வெயிலில் வரும் தக்காளி மஞ்சளோடிப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகப்போக பழத்தில் லைக்கோபீன் உருவாவது தடைபடும். ஆகவே கூடையில் நன்றாகச் சிவந்ததாகப் பார்த்துப் பொறுக்குங்கள்.

கேள்வி: பீட்ரூட், மாதுளை, தர்பூசணி எல்லாமே சிவப்புத்தானே? எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்குமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

இல்லை தம்பி. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன், மாதுளையின் சிவப்பு ஆந்தோசயனின்; இரண்டும் வேறு நிறமிகள். லைக்கோபீன் உள்ளவை தர்பூசணி, சிவப்புக் கொய்யா, சிவந்த சதையுள்ள பப்பாளி. 100 கிராம் தக்காளியில் சுமார் 3 மில்லிகிராம். தர்பூசணியில் 4 முதல் 5 வரை இருக்கும். தர்பூசணியைச் சமைக்காமலே உடம்பு எடுத்துக்கொள்ளும். கொய்யாவில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா கிரண்' ரகம் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கிட்னி செயலிழப்பு. தக்காளி கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

உங்கள் விருப்பத்துக்குக் கொடுக்காதீர்கள். 100 கிராம் தக்காளியில் 230 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி வடிகட்டத் தவறினால் அது ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். ஜூஸ், கெட்டியான தக்காளிக் கூழ், தொக்கு மூன்றையும் இப்போதே நிறுத்துங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து, ரசத்தில் அரைத் தக்காளி போடலாமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.